ஹமீது பாயின் இடுப்புவலி

ஜப்பான்காரப் பட்டாளத்து ஆபீசர் ஒருவனை நான் ஒரே வார்த்தையில் அடக்கியிருக்கிறேன். அவன் கத்தியை உருவினான். நான் ஓர் அதட்டல் போட்டேன். கத்தி உறைக்குள் போய்விட்டது.

பொய். கத்தி உறையை விட்டு வரவே இல்லை. நான் போட்டது அதட்டலும் இல்லை, பயத்தில் தொண்டையிலிருந்து தானாக வந்த சத்தம். அதற்குப் பரிசாக ஓர் அறை வாங்கினேன். வலது பக்கக் கடைவாய்ப் பல் எனக்கு அன்றைக்குப் போனதுதான். வெற்றிலை போட்டுப் போனது என்று நினைப்பவர்களை நான் திருத்துவதில்லை.

போன வாரம் இதே பத்திரிகையில், காட்டுப்பன்றிக்கு வெட்டிய குழியில் நானே விழுந்ததைச் சொல்லியிருந்தேன். தெமியாங்கில் ஒரு கடையில் வாய்விட்டுப் படித்துச் சிரித்தார்களாம். இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு வராது. முயற்சி செய்கிறேன்.

இன்னொன்று. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதெல்லாம் காணாமல் போன ஆட்டைத் தேடித்தான். நான் வாயை ஆட்டுகிறேன், மகள் புஷ்பம் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

பெரட்டில் நின்ற ஆள்

மந்தின் ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் ரோட்டில் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் ஆபீசர் குடியேறியிருந்தான். பால் வெட்டு பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மரத்தைச் சாய்த்துவிட்டுக் கிழங்கு போடச் சொன்னார்கள். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மட்டும் நிற்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பெரட்டில் பேரைக் கூப்பிடுவார்கள், வேலைக்குப் போவோம். இவன் காலத்தில் முதலில் கிழக்குப் பக்கமாகத் திரும்ப வேண்டும். அங்கே எங்கேயோ கடலுக்கு அப்பால் அவர்கள் ராஜா இருக்கிறாராம். "கெய்ரே!" என்று சத்தம் வரும். உடனே இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். நிமிரச் சொல்லும்வரை நிமிரக் கூடாது. முதல் நாள் நான் குனிந்த வேகத்தில் கைலி அவிழ்ந்துவிட்டது. அந்த ராஜாவுக்கு நான் செலுத்திய மரியாதையைப் போல் வேறு யாரும் செலுத்தியிருக்க மாட்டார்கள்.

எல்லோரும் குனிந்திருக்கும்போது ஒருவன் நிமிர்ந்து நின்றால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. ஆபீசரே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் குனிந்திருப்பான். எனக்கு மட்டும் தெரிந்தது. ஒழுங்காகக் குனியத் தெரியாதவன் நான், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே குனிவேன்.

எனக்கு இரண்டு ஆள் தள்ளி, தோட்டத்துக் கடை ஹமீது பாய் பால் மரம் மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தார்.

பெரட்டு கலைந்ததும் பின்னாலேயே ஓடினேன்.

"என்னா பாய், கால்ல ஆணி அடிச்சிட்டாங்களா?"

"பாத்துட்டியா?"

"பாத்தேன். நாளைக்கு அவனும் பாப்பான்."

"சலாம் வைக்கச் சொல்லு, வைக்கிறேன். கையக் கட்டச் சொல்லு, கட்டுறேன். இடுப்ப மடிக்கிறது மட்டும் ஒருத்தனுக்குத்தான் ரெங்கா. அது இவன் இல்ல."

ஒன்றுமில்லாத கடை

பாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் புஷ்பம் பேனாவை மூடிவிடுவாள்.

நாகூர்ப் பக்கத்துக் கடற்கரை ஆள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மனைவி மரியம் பீவி. குழந்தை இல்லை. ஜப்பான்காரன் வந்து நாள்பட்டதும் கடையில் உப்பும் காய்ந்த கிழங்கும் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் தினமும் பலகையை எடுத்துவைத்துக் கடையைத் திறப்பார். அலமாரியின் வெறும் தட்டுகளைத் துணியால் துடைப்பார்.

"எதுக்கு பாய் துடைக்கிறீங்க? தூசிய விக்கப் போறீங்களா?"

"நீ தினமும் குளிக்கிறீயே, உன்ன யாரு வாங்கப் போறா?"

இப்படித்தான் பேசிக்கொள்வோம். வேலை இல்லாத நேரம் நான் அங்கேதான் கிடப்பேன். அவர் பக்கத்துச் சங்கதிகளை வாயைக் கிண்டித் தெரிந்துகொள்வேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகை. முகம், கை, கால் கழுவிக்கொண்டு தொழுகைப் பாயை விரித்து மேற்கே பார்த்து நிற்பார். குனிவார், நிமிர்வார், நெற்றி தரையில் படக் கிடப்பார். நான் பாட்டுக்கு ஓரமாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"உங்க சாமிக்குப் படம்கூட இல்லியே பாய். எதிர்ல வந்தா எப்படி அடையாளம் தெரியும்?"

"உனக்குப் பசி வருதுல்ல? அதுக்கு ஏதாவது படம் மாட்டி வச்சிருக்கியா?"

இல்லைதான். ஆனால் அந்த வருஷம் பசியை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

நோன்பு மாதத்தில் ஒரு நாள், "இப்பத் தோட்டமே நோன்புதான் பாய், நாங்களும் உங்காளுங்கதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நோன்புன்னா சாப்பாட்ட முன்னால வச்சிக்கிட்டு வேணாங்கிறது. உன்னுது வெறும் பட்டினி. பாவம், ரெண்டையும் போட்டுக் கொழப்பாத" என்றார். பிறகு தனக்கு நோன்பு திறக்க வைத்திருந்த கிழங்கில் பாதியை என் பக்கம் தள்ளினார். பொழுது சாயும்வரை நானும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மரியாதைக்கு என்று சொல்ல ஆசை. உண்மையில் மரியம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

கப்பலேறிப் போனவர்கள்

குனியாமல் நின்ற அன்று சாயங்காலம் பாய் ஒரு கதை சொன்னார். அவர்கள் மார்க்கம் தொடங்கிய காலத்துக் கதை.

"மக்காவுல நபி சொன்னத நம்புன ஆளுங்கள ஊர்க்காரங்க வாழ விடல. அடி, ஒத. ஏழைபாழைங்கதான் நெறையப் பேரு. அதுல கொஞ்சப் பேரு கப்பலேறி ஹபஷாங்கிற சீமைக்குப் போயிட்டாங்க."

"எந்தக் கங்காணி கூட்டிட்டுப் போனான்?"

"வாய மூடு. அங்க ஒரு ராசா. கிறிஸ்துவரு. நியாயமானவருன்னு பேரு. மக்காக்காரங்க விடல, பின்னாலேயே ஆள் அனுப்புனாங்க, 'இவங்க ஓடி வந்தவங்க, எங்ககிட்ட ஒப்படைங்க'ன்னு. ராசா எல்லாரையும் கூப்புட்டாரு. சபையில எல்லாரும் விழுந்து கும்புடுறாங்க. இவங்க மட்டும் நிக்கிறாங்க. ஏன் விழலன்னு கேட்டாங்க. 'நாங்க படைச்சவனுக்கு மட்டும்தான் விழுவோம்'னாங்க."

"தலைய வெட்டிட்டானா?"

"இல்ல. 'என் நாட்டுல நிம்மதியா இருங்க'ன்னு சொல்லிட்டாரு."

நான் சுருட்டை அணைத்தேன். "நல்ல கதைதான் பாய். ஆனா அந்த ராசா ஜப்பான்காரன் இல்ல."

"தெரியும்லா" என்றார். வெறும் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

என் நாக்கு செய்த வைத்தியம்

கொஞ்ச நாளில் நான் பயந்தது நடந்தது. ஆபீசர் எப்போதும் போல் முன்னால் நின்று குனிந்தான். ஆனால் அன்று ஒரு சோல்ஜர் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. பாயின் சட்டைக் காலரைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்து வந்தான். ஆபீசர் திரும்பினான். கை கத்திப் பிடிக்குப் போனது. மரியம் பெண்கள் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் என் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"பிங்காங் சக்கித்! துவான், பிங்காங் சக்கித்!"

'துரை, இடுப்பு வலி' என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். அந்த ஆபீசருக்கும் அவ்வளவு மலாய் தெரியும். இருந்தாலும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டான். எங்கள் கிராணி கொஞ்சம் ஜப்பான் பேச்சுப் படித்திருந்தார். "என்னய்யா உளறுற?" என்று என்னைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"சார், பாய்க்கு இடுப்பு மடங்காது. வெள்ளக்காரன் காலத்துல அரிசி மூட்ட மேல விழுந்துருச்சு. அதுலேருந்து இப்படித்தான்."

அரிசி என்று காதில் விழுந்ததும் வரிசையில் நாலைந்து பேருக்கு எச்சில் ஊறியிருக்கும். அந்தக் காலத்தில் அரிசி என்ற சொல்லே பொய் மாதிரிதான் கேட்கும். கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாயை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே மொழிபெயர்த்தார். நல்ல மனுஷர்.

ஆபீசர் தடியால் பாயின் இடுப்பைக் குத்திப் பார்த்தான். பாய் நடிக்கவில்லை, பயத்தில் விறைத்துப் போயிருந்தார். கட்டை மாதிரி இருந்தது. சரி, கிழவர்களோடும் பிள்ளைத்தாய்ச்சிகளோடும் பின்வரிசையில் நிற்கட்டும் என்று உத்தரவாயிற்று. கேட்காமல் பேசியதற்கு எனக்கு அந்த அறை.

ரத்தத்தைத் துப்பிக்கொண்டே பெருமையாக நடந்தேன். ஒரு பொய்யில் ஓர் உயிர். என் வாழ்க்கையில் இதைவிட மலிவாக எதுவும் வாங்கியதில்லை.

தோட்டமே சேர்ந்து காத்த வலி

மடங்காத இடுப்பு என்றால் அது எந்நேரமும் மடங்காமல் இருக்க வேண்டும் அல்லவா? அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் நான் ஏன் கோமாளி ஆகிறேன்?

சோல்ஜர்கள் முட்டைக்கும் கோழிக்கும் நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் எந்நேரமும் வருவார்கள். பாய் பலகை மாதிரி நடந்தார். கையிலிருந்து ஒரு கிழங்கு கீழே விழுந்தால், எடுத்துக் கொடுக்க மூன்று பக்கத்திலிருந்தும் ஆள் ஓடிவரும். பெண்கள் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் அவர் இடுப்பு உயரத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரிகூட, சோல்ஜர் காதில் விழுகிற மாதிரி, "என்னா பாய், இடுப்பு எப்படி? எண்ணெ தேச்சீங்களா?" என்று கேட்பார்.

தொழுகைதான் கஷ்டமாகிப் போனது. முன்பு கடை வாசலில் எல்லோரும் பார்க்கத் தொழுதவர், இப்போது பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில், காற்றில்லாத இடம். மரியம் வாசலில் உட்கார்ந்து காவல் இருப்பாள். யாராவது வந்தால் சத்தமாக இருமுவாள். இருமல் கேட்டால் உள்ளே பாதியில் நிமிர்ந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு நாள் வேர்த்துப்போய் வெளியே வந்தார்.

"திருடன் மாதிரி இருக்கு ரெங்கா."

"உசுரோட இருக்கீங்களே பாய்."

"அதத்தான் சொல்றேன். உசுரோட இருக்கிற திருடன் மாதிரி இருக்கு."

நாற்காலி

நோன்பு முடிந்து பெருநாள் வந்தது. ஜப்பான்காரனுக்குத் திடீரென்று மதங்கள் மேல் பாசம் பொங்கியது. ரோட்டோரத்தில் மலாய்க்காரர்கள் கிராமமான கம்பத்துப் பள்ளிவாசலுக்கு ஆபீசரே வரப்போகிறானாம். தோட்டத்து முஸ்லிம் ஆண்கள் ஒருவர் விடாமல் தொழுகைக்கு வந்தாக வேண்டும். படம் பிடிப்பார்கள்.

வீட்டில் இருந்துவிடலாம் என்றால் முடியாது. போனால் குனிய வேண்டும். குனிந்தால் பொய் வெளியாகும்.

மரியம்தான் வழி சொன்னாள். உடம்புக்கு முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே தொழலாமாம், தலையை மட்டும் அசைத்தால் போதுமாம், அவர்கள் மார்க்கமே அதை அனுமதிக்கிறதாம். நான் கிராணி வீட்டுக்கு ஓடினேன். அவர் வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பாய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல நாற்காலி."

"நாளைக்கு இதுல ராசா மாதிரி உக்காந்து தொழுங்க. அவனும் பாக்கட்டும், இடுப்பு செத்துப்போச்சுன்னு."

"உக்காந்து தொழலாம்தான். முடியாதவனுக்கு. எனக்குத்தான் முடியுமே."

"அவன்கிட்டப் பொய் சொன்னோம்ல பாய்?"

"சொன்னது நீ. நான் சும்மா நின்னேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "அவன்கிட்ட ஆயிரம் பொய் சொல்லலாம் ரெங்கா. தொழுகப் பாயில நின்னுக்கிட்டுப் பொய் சொல்ல முடியாது. அங்க நான் பேசப்போறது அவன்கூட இல்ல."

மரியம் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் ஒரு பாத்திரம் தேவையில்லாமல் சத்தமாக விழுந்தது.

மறுநாள் பள்ளிவாசல் வேலிக்கு வெளியே நாங்கள் கொஞ்சம் பேர் நின்றோம். பெருநாளுக்கு ஏழைகளுக்குத் தானியம் கொடுப்பது அவர்கள் கடமை. அரிசி இல்லாததால் காய்ந்த கிழங்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்கும் கிடைத்தது. நாற்காலியைப் பள்ளிவாசல் முற்றத்தில், கடைசி வரிசையில் நானே கொண்டுபோய் வைத்திருந்தேன். ஆபீசர் முன்பக்கம் ஓரமாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. நாற்காலியை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். அந்த இடத்தில் நின்றார்.

கைகள் காதுவரை உயர்ந்தன. தொழுகை நடத்தும் லெபை ஓதினார். "முனியாண்டி, ஒரே ஒரு நாள் இந்த மனுசனை உட்கார வை" என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்காக எங்கள் சாமியிடம் கேட்டால் செல்லுமா என்று அப்போது தோன்றவில்லை.

வரிசை குனிந்தது. பாயும் குனிந்தார்.

எத்தனை மாசமோ சாக்கு மூட்டைக்கு நடுவில் இருமலுக்குப் பயந்து குனிந்தவர், வெயிலில், காற்றில், பக்கத்தில் ஆள் தோளோடு தோள் இடிக்கக் குனிந்தார். முதுகு அவ்வளவு சமமாக இருந்தது. பிறகு நெற்றி தரையைத் தொட்டது. வெகுதூரம் நடந்து வந்தவன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது.

நான் ஆபீசரைப் பார்த்தேன். அவனும் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். படம் பிடித்தார்கள். ஆபீசர் எல்லோருக்கும் சிகரெட் கொடுத்துக்கொண்டே வந்தான். பாயிடம் வந்ததும் சிகரெட்டைக் கொடுத்தான், இடுப்பில் மெதுவாக, நண்பன் தட்டுவது போல, இரண்டு தட்டுத் தட்டினான். ஏதோ சொன்னான்.

கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இடுப்பு குணமானதுல சந்தோசமாம்."

அடுத்த வாரம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். முதல் பெயர் ஹமீது பாய். லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "ரெங்கா, கடையத் தெறந்து வை, தூசி சேரப் போவுது" என்றார்.

காத்தான் கொண்டு வந்தது

சண்டை முடிந்து வெகுநாள் கழித்து பாயோடு லாரியில் போன எங்கள் லயத்துக் காத்தான் சயாமிலிருந்து திரும்பினான். சட்டையை ஆணியில் மாட்டியது போல் இருந்தான். கிணற்றடியில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் சொன்னான்.

பாய் வாந்திபேதியில் போய்விட்டார். பாய் முன்பே கேட்டுக்கொண்டபடி, காத்தான்தான் சூரியன் விழுகிற பக்கம் முகத்தைத் திருப்பிப் படுக்கவைத்து மண்ணைத் தள்ளினானாம். வேறு யாரும் இல்லையாம்.

"அங்கயும் குனியச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"தெனம். மொத நாளு பாய் நின்னாரு. அங்க வழக்கம் வேறண்ணே. ஒருத்தன் நின்னா அந்த வரிசைக்கே அடி. பக்கத்துல ஒரு கெழவனுக்குக் கை ஒடிஞ்சி போச்சு. மறுநாள்லேருந்து மொத ஆளாக் குனிஞ்சது பாய்தான்."

செய்தி தெரிந்ததும் கம்பத்துப் பள்ளிவாசலில் அவருக்காகத் தொழ ஏற்பாடு செய்தார்கள். உடல் இல்லாவிட்டாலும், தூரத்தில் இறந்தவருக்காக நின்று தொழலாமாம். நானும் மரியமும் வெளியே மாமரத்தடியில் நின்றோம். உள்ளே வரிசை தெரிந்தது. குனிவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் குனியவில்லை.

"இறந்தவங்களுக்குத் தொழுறதுல குனியிறது இல்லண்ணே" என்றாள் மரியம். "கடைசிவரைக்கும் நின்னுக்கிட்டேதான்."

என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "காத்தான் உங்ககிட்ட எல்லாம் சொல்லிருப்பாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அங்க அவுக குனிஞ்சாங்களா?"

பொய் எப்போதும் என் நாக்கு நுனியில் இருக்கும். அன்று தேடியும் கிடைக்கவில்லை.

"குனிஞ்சாரு தங்கச்சி. மத்தவங்களுக்கு அடி விழக் கூடாதுன்னு."

அழுவாள் என்று நினைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "அப்ப அவுக தெனம் அடி வாங்கிருக்க மாட்டாங்க" என்றாள். "நான் அதத்தான் நெனச்சி நெனச்சித் தூங்காமக் கெடந்தேன்."

பிறகு அவளாகவே சொன்னாள்: "நபி காலத்துல அம்மார்னு ஒருத்தர்ணே. அடிச்சி வதைச்சி, 'மார்க்கத்த விட்டேன்னு சொல்லு'ன்னாங்க. தாங்க முடியாம வாயால சொல்லிட்டாரு. அழுதுக்கிட்டே நபிகிட்ட வந்தாரு. 'உன் மனசு எப்படியிருக்கு'ன்னு நபி கேட்டாங்க. 'அது மாறல'ன்னாரு. 'அப்பச் சரி, மறுபடி வதைச்சா மறுபடி சொல்லிக்க'ன்னுட்டாங்க. மனசுதான் கணக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படி ஒரு வழி இருந்துச்சா? அப்பப் பெரட்டுலயே குனிஞ்சிருக்கலாமே! இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாரே! நீ அவருகிட்டச் சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னேண்ணே." அவள் உள்ளே நின்ற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொத நாளே சொன்னேன். பெருநாளுக்கு முன்னாலயும் சொன்னேன். 'அம்மார அடிச்சாங்க மரியம். என்ன இன்னும் ஒருத்தன்கூட அடிக்கலியே'ன்னு சிரிச்சாங்க."

அதற்கு நான் அவளிடம் என்ன சொன்னேன் என்றால்...

இதோ, என் வீட்டு வாசலில் ஹார்ன் அடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரில் வந்து நிற்கிறான். "தாத்தா, வாங்கலா! லேட்டாப் போனா கிளினிக்ல நம்பர் போயிரும்!"

போகிறேன். புஷ்பம், பேனாவை மூடு.